தீயை நிறுத்த உடைத்த பூட்டுக்கு யார் பொறுப்பு?

கொழும்பு வடக்கில் வரிசை வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தோட்டத்திலிருந்து 43 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஹாட்வெயார் கடையில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பக்கம் மூழ்கியபோது, இவரும் அயல் இளைஞர்கள் சிலரும் லொறி டியூப்பில் பலகை கட்டிக்கொண்டு போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை. வீட்டுக்கு மாதம் 300 ரூபா சேர்த்தார்கள். கோயிலும் பள்ளிவாசலும் கொஞ்சம் கொடுத்தன. பழைய கையடக்கப் பம்பு ஒன்று, ஹோஸ், கயிறு, ஏணி, லைஃப் ஜாக்கெட் என்று சாமான்கள் சேர்ந்தன. இப்போது 26 பேர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் அதிகாலை 2.40 அளவில் அங்கே ஒரு வீடு தீப்பிடித்தது. ஒட்டியிருந்த பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது; உரிமையாளர் வெளிநாட்டில். அவருடைய தங்கை இடையிடையே வந்து சமைத்துவிட்டுப் போவதால், அந்த வீட்டுக் குசினிச் சுவரோரம் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இவர்கள் பூட்டை வெட்டி உள்ளே போய் சிலிண்டரை வெளியே இழுத்தார்கள். தீ கூரை வழியாகத் தாவாமல் இருக்க ஒன்பது கூரைச் சீட்டுகளை உடைத்துக் கழற்றினார்கள். தீ அந்தச் சுவரோடு நின்றது. யாரும் சாகவில்லை. ஆனால் கூரையில் ஏறிய 17 வயது மாணவனின் கால் அஸ்பெஸ்டஸ் சீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கெண்டைக்காலில் 11 தையல், உள்ளங்கையில் தீக்காயம்.

போன வாரம் வீட்டு உரிமையாளரின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. கதவு, கூரை, நனைந்த மெத்தை, டீவி எல்லாவற்றுக்குமாக 685,000 ரூபா, 14 நாளுக்குள். கடைசிப் பந்தியில், அலுமாரியில் இருந்த தங்கச் சங்கிலியையும் காணவில்லை என்று ஒரு வரி. இதற்கு நடுவில் மாணவனின் தாய் வந்து, மருந்துச் செலவுக்கும் அவன் தவறவிட்ட டியூஷனுக்கும் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். சேர்த்த காசு முழுவதும் வாசகரின் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. மாதக்காசு தராத இரண்டு வீடுகளுக்கு இனி போகக் கூடாது என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். மனைவி, "போதும், விட்டுவிடுங்கள்" என்கிறார். கடிதத்தை வாசகர் இப்படி முடித்திருக்கிறார்: "வெட்டிய பூட்டு இன்னும் எங்கள் வீட்டு டீவிக்கு மேல் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நல்லது செய்யப் போய்க் கள்ளன் பெயர் வாங்கினோம். இனி யார் வீடு எரிந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் புத்தியா?"

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை வாசித்தபோது கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, அந்தக் கடைசிப் பந்தியின் மேல். இரண்டாவது தடவை ஒரு சட்டத்தரணியாக வாசித்தேன். அப்போது, நீங்கள் பயப்படும் இடத்தில் பெரிய ஆபத்து இல்லை என்பதும், நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன இரண்டு மூன்று இடங்களில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது என்பதும் தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பூட்டும் கூரையும்

"உயிரைக் காப்பாற்றத்தானே செய்தோம், சட்டம் எங்களைத் தொட முடியாது" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் "ஜெயிலுக்கே போக வேண்டி வருமோ" என்று கேட்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

குற்றவியல் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் நம்முடைய அடிப்படைக் குற்றவியல் சட்டம். அதன் 74ஆம் பிரிவு, பெரிய கேடு ஒன்றைத் தடுப்பதற்காக, கெட்ட நோக்கம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு ஒருவர் சிறிய கேடு ஒன்றைச் செய்தால் அது குற்றமாகாது என்கிறது. இதை விளக்க அந்தப் பிரிவிலேயே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: பெருந்தீ பரவாமல் தடுப்பதற்காக வீடுகளை இடித்துப் போடும் மனிதன். நீங்கள் செய்தது கிட்டத்தட்ட அதேதான். உங்களுக்கு முன் எத்தனையோ பேர் அதே நிலையில் நின்றிருக்கிறார்கள் என்பதால்தான் அந்த உதாரணம் அங்கே இருக்கிறது.

நட்டஈட்டுப் பக்கமும் இப்படித்தான். நம் நாட்டில் இந்த மாதிரி வழக்குகள், ரோமாபுரிச் சட்டத்திலிருந்து வளர்ந்து ஒல்லாந்தரோடு இங்கே வந்த ரோமன் டச்சுச் சட்டத்தின்படி நடக்கின்றன. தீயைத் தடுக்கப் பக்கத்து வீட்டை இடித்தவன் நட்டஈடு கட்ட வேண்டுமா என்று ரோமாபுரிச் சட்ட அறிஞர்களே வாதாடியிருக்கிறார்கள். செல்சுஸ் என்பவர், நியாயமான பயத்தில் செய்தவன் மேல் வழக்கு நிற்காது, தீ அவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததா இல்லையா என்பது கூடப் பெரிய விஷயமில்லை என்று எழுதினார். வேறு சிலர் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. ஏறக்குறைய 1,900 வருடத்துக்கு முந்திய அந்த வாதத்தின் வாரிசுச் சட்டம்தான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் இன்றும் பேசப்படுகிறது. அவசியத்தின் பேரில் செய்தேன் என்பது இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட எதிர்வாதம்.

ஆனால் அதற்கு நிபந்தனை இருக்கிறது. ஆபத்து அந்த நிமிடத்தில் நிஜமாக இருந்ததா? இதைவிடக் குறைந்த சேதத்தோடு வேறு வழி இருந்ததா? செய்த சேதம் தடுத்த ஆபத்துக்கு அளவானதா? நீதிபதி இதைத்தான் கேட்பார். அதுவும் மூன்று மாதம் கழித்து பகல் வெளிச்சத்தில் தெரிவதை வைத்து இல்லை, அதிகாலை 2.40க்குப் புகைக்குள் நின்ற உங்களுக்குத் தெரிந்ததை வைத்து. சிலிண்டர் அங்கே இருப்பது முன்கூட்டியே தெரியும் என்பது இங்கே உங்களுக்குப் பெரிய பலம். தீச்சூட்டில் காயும் சிலிண்டர் வெடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. 2021 கடைசியில் வீட்டுக்கு வீடு காஸ் வெடித்த நாட்களைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பூட்டை வெட்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். ஒன்பது சீட்டுகள் பற்றிக் கேள்வி வரலாம்: ஏன் ஒன்பது, நான்கு போதாதா? இதற்குப் பதில் சொல்ல அன்று கூரைப் பக்கம் நின்ற இரண்டு மூன்று பேரின் கூற்று வேண்டும். மறப்பதற்கு முன் இப்போதே எழுதி வாங்குங்கள்.

ஒரு சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 74ஆம் பிரிவில் வரும் "நல்லெண்ணம்" நாம் பேச்சில் சொல்லும் நல்ல மனசு மட்டும் இல்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று அதே சட்டக்கோவை சொல்கிறது. மனம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கை கவனமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இருக்கும் எல்லாக் கேள்விக்கும், அந்தப் பையனுடைய கால் உட்பட, நான் இந்த அளவுகோலை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

கோரிக்கைக் கடிதத்துக்கு என்ன செய்வது

பதில் போடாமல் விடாதீர்கள். மௌனத்தைப் பிறகு உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள். அதே நேரம், மனம் கேட்காமல் நீங்களே உரிமையாளரின் தங்கைக்கு "மன்னித்துக்கொள்ளுங்கள், ஏதாவது கட்டித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது இரக்கத்தில் எழுதியதாக இருந்தாலும் ஒப்புதலாக வாசிக்கப்படும். ஒரு சட்டத்தரணி மூலம் சுருக்கமான பதில் போக வேண்டும். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவதற்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது அமைக்கப்பட்டது.

அதற்கு முன் நீங்கள் சேர்க்க வேண்டியவை: அன்றிரவு எடுத்த படங்கள், வீடியோக்கள் (யாருடைய போனில் இருந்தாலும் அழியாமல் பிரதி எடுத்து வையுங்கள்), தீயணைப்புப் பிரிவின் 110க்கு அழைத்த போனின் அழைப்புப் பதிவு, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவிடம் அந்தச் சம்பவம் பற்றிய அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

பொலிஸில் உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், என்ன எழுதினார்கள் என்று முழுதாக விளங்கவில்லை என்கிறீர்கள். இது கொழும்பில் எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி நடப்பது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி; தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த தடவை, "எனக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாசித்து விளக்குங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். சங்கிலி விஷயமாகக் கூப்பிட்டால் தனியாகப் போகவும் வேண்டாம்.

சங்கிலி பற்றி ஒரே ஒரு கேள்வி. அன்று உள்ளே போனவர்கள் யார் யார் என்று உங்களால் இப்போது பெயர் சொல்ல முடியுமா? "ஏழெட்டுப் பேர் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கில் அடி விழக்கூடிய இடம் இதுதான். உங்கள் பையன்கள் எடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இருட்டில், யாரென்று தெரியாத ஏழெட்டுப் பேர் திறந்த வீட்டுக்குள் போய் வந்தார்கள் என்பது எதிர்த் தரப்புச் சட்டத்தரணிக்குக் கிடைத்த வெல்லக்கட்டி. இனிமேல் எந்த வீட்டுக்குள் போனாலும் இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும், மூன்றாமவர் வாசலில் நின்று பெயரும் நேரமும் குறிக்க வேண்டும். தீ அணைந்தவுடன் வீட்டை ஒரு தடவை வீடியோ எடுத்து, வேறு பூட்டுப் போட்டு, சாவியை பொலிஸிலோ கிராம உத்தியோகத்தரிடமோ கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். அந்தக் கொப்பி அன்று இருந்திருந்தால் அந்தக் கடைசிப் பந்தியை அவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்க மாட்டார்கள்.

வழக்கு என்று போனால் இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் அலைய வேண்டும். இந்த வகைக் கோரிக்கைக்குச் சம்பவத் திகதியிலிருந்து இரண்டு வருட காலாவதி இருப்பதால், அவர்களும் அவசரப்படலாம். என் விருப்பம், மத்தியஸ்த சபையில் உட்கார்ந்து பேசுவதுதான். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் அங்கேதான் போக வேண்டும். தொகை அதைவிட அதிகம் என்றாலும் இரு தரப்பும் விரும்பினால் பேசத் தடை இல்லை. கடிதம் எழுதியது வெளிநாட்டில் இருக்கும் அண்ணன். வீட்டுக்கு வந்து போகிற தங்கைக்கு, எரியாமல் மிஞ்சிய தன் குசினிச் சுவர் கண்ணுக்குத் தெரியும். கூரை வேலைக்கு ஆள் கூலி இல்லாமல் குழு உதவும் என்று, பொறுப்பை ஏற்காமலே, அயலவர்களாகச் சொல்லலாம். அந்த வார்த்தையைக் கூட உங்கள் சட்டத்தரணி எழுதித் தரட்டும்.

அந்தப் பையன்

இப்போது நீங்கள் விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையனின் தாய், அந்த அக்கா, வந்து கேட்டது சரியான கேள்வி. "அவர் இப்படிக் காசு கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மகனை உங்களை நம்பி விட்டவர்.

குழுவில் சேரும் எல்லோரிடமும் "என் உயிருக்கு நானே பொறுப்பு" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள், அது போதும் என்று நினைக்கிறீர்கள். வளர்ந்தவர்கள் விஷயத்திலேயே அந்தத் தாளுக்கு ஓரளவு பலம்தான் உண்டு. ஒருவர் தெரிந்து ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குத்தான் அது பொருந்தும். உங்கள் கவனக்குறைவுக்கு அது கேடயம் ஆகாது. 17 வயதுப் பிள்ளையின் கையெழுத்துக்கு அந்தப் பலமும் இல்லை. நம் நாட்டில் பராய வயது 18. சம்பளத்துக்கு வேலை செய்தால்கூட 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. சம்பளம் இல்லாமல், தலையில் தொப்பி இல்லாமல், செருப்போடு, இரவில், நனைந்த அஸ்பெஸ்டஸ் கூரையில் ஒரு பிள்ளை ஏறும்போது நீங்கள் கீழே நின்றிருக்கிறீர்கள். அஸ்பெஸ்டஸ் சீட் மனித எடையைத் தாங்காது என்பது ஹாட்வெயார் கடையில் நிற்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பலகை குறுக்கே போட்டு மரச்சட்டத்தில் கால் வைக்காமல் கூரைக்காரர்கூட அதில் ஏற மாட்டார். சூட்டில் அது துண்டு துண்டாகத் தெறிக்கவும் செய்யும்.

வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு உரியது. தொண்டர்களுக்கு அது உதவாது. ஆகவே இந்தப் பையனுக்குக் குழுவைத் தவிர வேறு ஆள் இல்லை. குழு நிதியிலிருந்து மருந்து, போக்குவரத்து, டியூஷன் செலவுகளைக் கொடுங்கள். கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். அந்த அக்காவைத் தேடிப் போய்க் கொடுங்கள், அவர் திரும்பவும் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதனால் நிதி காலியானாலும் பரவாயில்லை. இந்தச் செலவுக்கு மிஞ்சியதுதான் பம்புக்கு.

அடுத்த கூட்டத்திலேயே 18க்குக் குறைந்த எல்லோரையும் முன்வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்களுக்குச் செய்ய வேலை நிறைய இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். மற்றவர்களுக்குக் குழு விபத்துக் காப்புறுதி ஒன்று எடுங்கள். படிவத்தில் "சமூக சேவை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தீ, வெள்ள மீட்பு வேலை என்று தெளிவாக எழுதுங்கள். முக்கியமான விஷயத்தை மறைத்தால், தேவைப்படும் நாளில் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும்.

110

கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "கால் மணி நேரம் நாங்களே முயற்சி செய்துவிட்டு, முடியாமல் போகவே 110க்கு அழைத்தோம்." இந்த வரிதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. யாராவது இறந்திருந்தால் மரண விசாரணையில் முதல் கேள்வியே அந்தக் கால் மணி நேரமாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் தாமதித்தீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. வண்டி சந்துக்குள் வராது, சின்ன விஷயத்துக்கு அழைத்தால் கோபிப்பார்கள், நம்மிடம் பம்பு இருக்கிறது. பம்பு இருப்பதால் வரும் நம்பிக்கை, பம்பு இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. முதல் அழைப்பு 110. காயம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அதற்குப் பிறகுதான் பம்பைத் தொட வேண்டும். வந்த வண்டி வேலை இல்லாமல் திரும்பிப் போனால் யாருக்கும் நட்டமில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். எங்கள் சந்தில் ஒரு தடவை தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி பிரதான வீதியில் நின்றுகொண்டு ஹோர்ன் அடித்தது. சந்து வாயில் நிறுத்தியிருந்த இரண்டு ஆட்டோக்களுக்கும் சொந்தக்காரர்கள் தீயைப் பார்க்க உள்ளே ஓடிவிட்டார்கள். ஆட்டோவைத் தள்ளிவிட ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். 2022 செப்டம்பரில் தொட்டலங்க கஜீமாவத்தையில் வரிசையாக வீடுகள் எரிந்த செய்தியைப் பார்த்தபோதும் எனக்கு அந்த ஹோர்ன் சத்தம்தான் காதில் கேட்டது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் குழுவின் பெரிய பலம் தண்ணீர் அடிப்பதில் இல்லை. அந்தச் சந்தை உள்ளங்கை போலத் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஆச்சி இருக்கிறார், எந்த வீட்டு மெயின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, எங்கே சிலிண்டர் இருக்கிறது, எந்த வழியால் ஹோஸை இழுத்தால் மடியாது, இதெல்லாம் மருதானைத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. வண்டி வரும் வழியைத் திறந்து வைப்பது, மின்சாரத்தை நிறுத்துவது, ஆட்களை எண்ணி ஒரு இடத்தில் சேர்ப்பது, வந்த அதிகாரியிடம் ஒரே ஒருவர் நின்று விபரம் சொல்வது. 17 வயதுப் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இதில் நிறைய. தீயணைப்புப் படை வந்து சேர்ந்ததும் பொறுப்பு அவர்களுடையது. அதன் பிறகு அவர்கள் சொல்லாமல் யாரும் எதையும் உடைக்கக் கூடாது.

எதைச் செய்யவே கூடாது என்றும் எழுதி வையுங்கள். சுவாசக் கருவி இல்லாமல் புகை நிறைந்த வீட்டுக்குள் போகக் கூடாது. ஈரத்துணி கண்ணுக்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கும், கார்பன் மொனொக்சைட்டை அது தடுக்காது. கழிவுக்குழி, பழைய கிணறு, மேன்ஹோல் இவற்றுக்குள் யார் விழுந்திருந்தாலும் இறங்கக் கூடாது. உள்ளே விஷவாயு இருக்கும், அல்லது ஒட்சிசன் இருக்காது. முதலாமவரை எடுக்க இறங்கிய இரண்டாமவரும், அவரை எடுக்க இறங்கிய மூன்றாமவரும் சேர்ந்து போன செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். வெள்ளத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இந்த இடங்களில் "முடியாது" என்று சொல்லும் தைரியமும் உங்கள் பயிற்சியில் சேர்ந்ததுதான். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, குழுவுக்கு ஒரு பயிற்சி நாள் கேளுங்கள். சிலி நாட்டில் 1851இல் வல்பரைசோ துறைமுக நகரத்தில் தொடங்கிய தொண்டர் படை வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த நாட்டுத் தீயணைப்பாளர்கள் சம்பளம் வாங்காதவர்கள். பயிற்சி இல்லாமல் யாரையும் அவர்கள் தீக்கு முன் விடுவதில்லை.

ஆட்டோவில் பொருத்திய சைரனையும் சிவப்பு விளக்கையும் கழற்றிவிடுங்கள். அனுமதி பெற்ற வாகனங்களுக்கு மட்டும் உரியவை அவை.

காசு

சொந்தக் கணக்கில் வைத்திருப்பதில் உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நாளைக்கு உங்களுக்கு ஏதாவது நடந்தால் அந்தக் காசு சட்டப்படி உங்கள் குடும்பத்துச் சொத்தாகத் தெரியும். உங்கள் மனைவி, தோட்டத்து ஆட்களுக்கு முன்னால் கணக்குச் சொல்ல வேண்டி வரும். ஏற்கனவே சங்கிலி என்று ஒரு வார்த்தை காற்றில் இருக்கும்போது இந்தக் கணக்கு ஒரு நாள்கூட அப்படி இருக்கக் கூடாது.

உங்கள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கும். அதை எப்படி நடத்துகிறார்களோ அப்படியே இதையும் நடத்துங்கள்: யாப்பு, தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு கையெழுத்துள்ள சங்கக் கணக்கு, வருடத்துக்கு ஒரு தடவை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கும் வரவு செலவு. பிரதேச செயலகத்தில் பதியுங்கள். பொதுமக்கள் பணத்தில் இயங்கி, அனர்த்த காலத்தில் நிவாரண வேலை செய்யும் அமைப்புகளுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டமும் பொருந்தக்கூடும். எந்தப் பதிவு உங்களுக்கு ஏற்றது என்று அங்கேயே கேளுங்கள். உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றை 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் அமைக்கலாம் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். குழுவுக்குத் தனியான சட்ட ஆளுமை கிடைக்கும், கடனும் வழக்கும் நேரே உங்கள் தலையில் விழாது. ஆனால் வருடா வருடம் கணக்காய்வு, அறிக்கை, செயலாளர் கட்டணம் எல்லாம் வரும். வீட்டுக்கு மாதம் 300 ரூபா சேர்க்கும் குழுவுக்கு இப்போதைக்கு அது பாரம் என்பது என் கருத்து.

பதிவு செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்றும் நினைக்க வேண்டாம். கவனக்குறைவாக ஒருவர் செய்ததற்கு அவரவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும், பதிவு இருந்தாலும்.

காசு தராத இரண்டு வீடுகள் விஷயத்தில் நான் ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2010இல் இது நடந்தது. 75 டொலர் வருடக் கட்டணம் கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு எரிந்தபோது, தீயணைப்புப் படை அந்தத் தீயை அணைக்கவில்லை. கட்டணம் கட்டியிருந்த அயலவரின் காணிக்குத் தீ பரவியபோது வந்து அதை மட்டும் அணைத்துவிட்டு, வீடு எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் விதி இருந்தது. உங்கள் தோட்டத்தில் அந்த விதியை எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: அங்கே வீடுகளுக்கு நடுவில் காணி இருந்தது, இங்கே ஒரே சுவர்தான் இருக்கிறது. தராத வீட்டின் தீ தருகிற வீட்டுக்கு வர எத்தனை நிமிடம் என்று அன்றிரவு நீங்களே பார்த்தீர்கள். அவர்கள் ஏன் தரவில்லை என்று போய்க் கேட்டீர்களா? கையில் இல்லாமல் இருக்கலாம். மாதக்காசு விருப்பக் கொடை என்று யாப்பில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக நீங்கள் கேட்டது: பார்த்துக்கொண்டு நிற்பதுதான் புத்தியா? நம் சட்டப்படி, எந்தப் பொறுப்பும் இல்லாத ஓர் அயலவன் கை கட்டி நின்றால் பொதுவாக அவன் மேல் வழக்கு இல்லை. அதனால் நின்றுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் நிற்க மாட்டீர்கள் என்று உங்கள் எழுத்தே சொல்கிறது. ஆனால் உங்கள் மனைவி சொல்வதையும் கேளுங்கள். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, சமையல் புகை மணத்தாலும் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கோழைத்தனம் இல்லை, நெருப்புக்கு அவ்வளவு கிட்ட நின்றவர்களுக்கு வருவது. ஒரு வைத்தியரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் தலைமைப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் யாப்பையும் கணக்கையும் கவனியுங்கள். நீங்கள் ஒரு நாள் இல்லாமல் போனாலும் குழு நிற்க வேண்டுமே, அதற்கும் இது நல்லது.

14 நாளில் ஏழு நாள் போய்விட்டது. திங்கட்கிழமை காலையில் கோரிக்கைக் கடிதம், அது வந்த உறை, படங்கள், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். டீவிக்கு மேல் கிடக்கும் அந்தப் பூட்டையும் ஒரு பையில் போட்டு, திகதி எழுதி ஒட்டி எடுத்துப் போங்கள். வெட்டிய இடத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ வேண்டாம். புகைக் கரி அப்படியே இருக்கட்டும். அன்றிரவு அந்தக் கதவு வரை புகை வந்து சேர்ந்திருந்தது என்பதற்கு அது சாட்சி சொல்லும்.